அபினாவின் பாத்தியில் கிடந்த முட்டைகள்

மலைச்சரிவில் எங்கள் வயலும் அபினாவின் வயலும் ஒரே கல்வேலிக்கு இந்தப்பக்கமும் அந்தப்பக்கமுமாக இருந்தன. அவள் விதவை, என் கணவர் கோர்னியைவிட மூத்தவள். நான் கல்யாணமாகி வந்த நாளில் சூடான ரொட்டியோடு முதலில் வந்தவள் அவள்தான்.

எங்கள் ஊரில் வெண்ணெய் கடையும்போது யார் வந்தாலும், வேலையை வாழ்த்திவிட்டு மத்தை இரண்டு தடவையாவது குத்திவிட்டுத்தான் போவார்கள். தொடாமல் போகிறவர் அந்த வீட்டு வெண்ணெயையும் கொண்டுபோகிறார் என்று அர்த்தம். அந்த வருஷம் மே மாதத்தில் அபினா வந்தாள். வாசலில் நின்றாள். என்னையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, மத்தைத் தொடாமலே திரும்பிவிட்டாள்.

அதற்குப் பிறகு வெண்ணெய் திரளவேயில்லை. கை சோரும்வரை கடைந்தாலும் நுரைதான். வெயில் அதிகம், அதனால்தான் என்று நான் சொல்லிப் பார்த்தேன். கோர்னி கேட்கவில்லை. வேலியோரம் அபினாவைக் கண்டால் தொப்பியை இறக்கிவிட்டுக்கொண்டு போவார்.

கோடை முடிவில் புற்போரைப் பிரித்தபோது அடியில் முட்டைகள் கிடந்தன. அழுகியவை. கோழி அங்கே போக வழியில்லை. யாரோ கையால் புதைத்துவைத்த வைப்புச் சூனியம். தொட்டால் தொட்டவருக்கே ஆகாது. கோர்னி மண்வெட்டியில் அள்ளி எடுத்துக்கொண்டு நேரே அபினா வீட்டுக்கு நடந்தார். கைகலப்பு ஆகிவிடுமோ என்று பயந்து நானும் பின்னால் ஓடினேன்.

அவள் முற்றத்தில் வாளி கழுவிக்கொண்டிருந்தாள். மண்வெட்டியைப் பார்த்தாள், பின்வாங்கவில்லை.

"இது உங்க வேலையா?" என்றார் கோர்னி.

"என் உருளைக்கிழங்குப் பாத்தியிலயும் இதேதான் கிடந்துச்சு. மே மாசத்துல" என்றாள் அபினா. "கன்னுக்குட்டியும் செத்துப்போச்சு. நீதான் வச்சேன்னு நினைச்சேன்."

"நானா?"

"வேற யாரை நினைக்கிறது? கேட்டுடணும்னுதான் அன்னிக்கு உன் வீட்டுக்கு வந்தேன். உன் பொண்டாட்டி என்னைப் பாத்து சிரிச்சா. எனக்கு வாயே வரல."

கோர்னி மண்வெட்டியைக் கீழே வைத்தார். கன்று செத்ததே எங்களுக்குத் தெரியாது. அவர் முகம் சிவந்துபோயிருந்தது. மூன்று பேரும் வேலியோரம் காய்ந்த முட்செடியைக் குவித்து, முட்டைகளைப் போட்டுக் கொளுத்தினோம். அபினா தீர்த்தம் தெளித்தாள். நாற்றம் தாங்கவில்லை. அவள் மூக்கைப் பொத்திக்கொண்டே, "வச்சவன் எவனோ, அவன் வீட்டுக் கோழிங்க மட்டும் நல்லா முட்டை போடுது" என்றாள். கோர்னி சிரித்துவிட்டார். அந்தக் கோடை முழுக்க நான் கேட்காத சிரிப்பு அது.

வைத்தது யாரென்று கடைசிவரை தெரியவில்லை. அடுத்த வாரம் வெண்ணெய் திரண்டது. நெருப்புதான் காரணம் என்றார் அவர். குளிர் வந்துவிட்டது என்றேன் நான்.

கோர்னியும் அபினாவும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். நான் இப்போது நகரத்தில் மகளோடு இருக்கிறேன். வெண்ணெய் காகிதத்தில் சுற்றி வருகிறது. பக்கத்து வீட்டுப் பெண்ணின் பெயர்கூட எனக்குத் தெரியாது. மழை பெய்யும் மாலைகளில் அந்தக் குளிர்காலம்தான் நினைவுக்கு வருகிறது. அபினா எங்கள் அடுப்பருகே உட்கார்ந்து சீட்டாடுவாள். ஒவ்வொரு ஆட்டத்திலும் ஜெயிப்பாள். "சூனியக்காரி" என்று கோர்னி சீட்டை வீசுவார். அவள் கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டே அடுத்த ஆட்டத்துக்குக் கலைப்பாள்.