வாசலில் நின்ற வீடு

புவனேந்திரன் தன் காரை மூன்று தெரு தள்ளி விட்டுவிட்டு, தூறலில் நனைந்தபடி வீட்டுக்கு நடந்து வந்தார். நியாயத்தைப் பாருங்கள். லண்டன் தோர்ண்டன் ஹீத்தில் வாசலில் கார் விட இடமுள்ள வீடு என்று தேடித்தேடி வாங்கியவர் அவர். கவுன்சிலோடு மல்லுக்கட்டி, நடைபாதை விளிம்பை இறக்குவித்து, கல் பதித்தவரும் அவர். அந்தக் கல்லின்மேல் இப்போது சொகுசாக நின்றது தம்பி ஜெயேந்திரனின் மோட்டர்ஹோம். அடுப்பு, கட்டில், கக்கூஸ் எல்லாம் உள்ளுக்கே வைத்த, சின்ன பஸ் அளவு வண்டி. வீட்டின் புது ஜன்னலை அது முழுதாக மறைத்துவிட்டது.

ஜெயனும் பெண்சாதி கம்சிகாவும் இரண்டு பிள்ளைகளும் இருந்த வீட்டை விற்றுவிட்டு இந்த வண்டியிலேயே குடியிருக்கத் தொடங்கி இரண்டு வருடமாகிறது. இன்றைக்கு ஸ்கொட்லாந்து, அடுத்த கிழமை போர்த்துக்கல். ஜெயன் வண்டிக்குள் இருந்தபடியே கம்பியூட்டர் வேலை செய்வான். பிள்ளைகளுக்குப் படிப்பும் வண்டிக்குள்தான். போகிற இடமெல்லாம் வீடியோ எடுத்துப் போடுவான், லண்டன் தமிழ்ச்சனம் முழுக்க அதைப் பார்க்கும்.

தம்பி வீட்டை விற்கிறான் என்று கேள்விப்பட்டபோது புவனேந்திரனுக்கு உள்ளூரச் சந்தோஷம்தான்.

"விசரன். ஆறு மாசத்தில பெட்டி படுக்கையோட என்ர வாசலில வந்து நிப்பான், இருந்து பார்" என்று மனைவி வசந்தமலருக்குச் சொன்னார்.

வந்துதான் நின்றான். பெட்டி படுக்கையோடுதான் நின்றான். ஆனால் சிரித்துக்கொண்டல்லவா நின்றான்! வெயிலில் கறுத்து, தொப்பை வற்றி, பத்து வயது குறைந்த ஆள்மாதிரி இறங்கி வந்து, "என்னண்ணை, மெலிஞ்சுபோனியள்?" என்று வேறு கேட்டான்.

கலியாணவீடு, சாமத்தியவீடு எங்கே போனாலும் இதே கதை. "உங்கட தம்பியின்ர வீடியோ பாத்தனாங்கள் அண்ணை. குடுத்துவைச்ச மனுசன்." அட, அந்தத் தம்பியை லண்டனுக்குக் கூப்பிட்டது யார்? ஸ்ட்ரெதம் கடையில் விடிய எழும்பிப் பால் பெட்டி தூக்கி அவனைப் படிப்பித்தது யார்? அதை ஒருத்தரும் வீடியோ எடுக்கவில்லை. அதற்கு ஒருத்தரும் லைக் போடவில்லை.

இந்த வயிற்றெரிச்சலில்தான் லொஃப்ட் எழும்பியது. கூரைக்குள்ளே பெரிய அறை, அதோடு ஒட்டினாற்போல் குளியலறை, கீழே சமையலுக்குப் புதுக் குசினி. யாருக்கு இவ்வளவும்? ஒரே மகள் கௌசி மன்செஸ்டரில் படிக்கிறாள். வீட்டுப் பக்கம் வருவதே அருமை. உள்ளதைச் சொன்னால், அந்த அறை தம்பிக்குக் காட்டுவதற்கு. அவன் படியேறி வரவேண்டும். அறையின் நடுவே நின்று சுற்றிப் பார்க்கவேண்டும். அவனுடைய முகம் ஒருதரம், ஒரே ஒருதரம், கறுக்கவேண்டும். 'ஐயோ, நான் வீட்டை வித்திருக்கக்கூடாது' என்று அந்த முகத்தில் எழுதியிருக்கவேண்டும். அவர் வேறென்ன கேட்டார்?

அதற்காகவே ஞாயிற்றுக்கிழமை பால் காய்ச்ச ஏற்பாடு. "என்ன அண்ணை, லொஃப்ட்டுக்கும் குடிபூரலோ?" என்று சனம் சிரித்தது. "குசினியும் புதுசுதானே" என்று அவர் சமாளித்தார். ஐயரிடம் சுபநேரம் கேட்டாயிற்று. வசந்தமலர் அப்டன் பார்க் வரைக்கும் போய்ப் பித்தளைப் பானை ஒன்று வாங்கி வந்தாள். அதோடு ஒரு சட்டமும் போட்டாள்: பால் பொங்கும்வரை புது அடுப்பில் பச்சைத்தண்ணிகூடச் சுடவைக்கக்கூடாது. ஆட்கள் வந்து அடுப்பைப் பொருத்திவிட்டுப் போன நாளிலிருந்து ஒருவரும் அதைத் தொடவில்லை. சாமிப்படத்துக்கு முன்னால் போவதுபோல் எல்லாரும் அதற்கு முன்னால் அடக்கமாகப் போய்வந்தார்கள்.

ஆகவே இந்தமுறை ஜெயன் வந்த நாளிலிருந்து தேத்தண்ணி வண்டியிலிருந்து, தோசை வண்டியிலிருந்து, இரவுப் புட்டும் வண்டியிலிருந்து. வசந்தமலர் அங்கேயே குடியிருந்தாள். அவளுடைய சிரிப்புச் சத்தம் வாசல் தாண்டி வந்து புவனேந்திரனின் காதில் விழுந்தது. தன்னுடைய வீட்டில் அவள் அப்படிச் சிரித்து எவ்வளவு காலம்!

"இஞ்சேருங்கோ, ஒருக்கா ஏறிப் பாருங்கோவன். மேசையை மடிச்சாக் கட்டில், கட்டிலை மடிச்சா மேசை. எவ்வளவு வடிவா வைச்சிருக்கினம்!"

"எனக்கு முழங்கால் நோகுது."

"ரெண்டு படிதானே. லொஃப்ட்டுக்கு எத்தினைதரம் ஏறி இறங்கிறியள்?"

அவர் பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார். அந்த வண்டிக்குள் கால் வைப்பதில்லை என்று சபதமே எடுத்திருந்தார். ஜெயன் ஒருநாள் லொஃப்ட் படியில் கால் வைத்தபோது, "இப்ப ஏறாதை, ஞாயிற்றுக்கிழமை எல்லாரோடயும் பாப்பம்" என்று தடுத்துவிட்டார். முகம் கறுக்கும்போது நாலு பேர் பார்க்கவேண்டாமா?

ஞாயிற்றுக்கிழமை சனம் வந்தது. நல்லாய்த்தான் வந்தது. ஆனால் வாசலைத் தாண்டவில்லை. பட்டுச்சேலை, வேட்டி, குழந்தைகுட்டி எல்லாம் மோட்டர்ஹோம் படியடியில் வரிசையாக நின்றன. வருகிறவர்கள் செருப்பு வைக்கவென்று புவனேந்திரன் வாங்கிவைத்த அடுக்குத்தட்டு வெறுமையாகக் கிடந்தது. வண்டியடியில் செருப்புக் குவியல். அவருடைய கடையில் கல்லாவில் நிற்கும் கிளறிற்றா கூட, முதலாளி கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்பது தெரியாமல், அந்த வரிசையில்தான் நின்றாள்.

"கிளறிற்றா, மேல போய் லொஃப்ட்டைப் பாரும்."

"ஓமண்ணை, வாறன் வாறன். முதல் உதைப் பாத்திட்டு வாறன். உதுக்குள்ள குளிக்கவும் ஏலுமாமே!"

உதுக்குள்ள குளிக்கவும் ஏலுமாம். இவருடைய குளியலறையில் ஒரு ஆள் நீட்டிப் படுத்துக் குளிக்கலாம். சுவருக்கு இத்தாலிக் கல். அதைப் பார்க்க நாதியில்லை. சரிகை வேட்டியைப் பிடித்துக்கொண்டு லொஃப்ட் படியடியில் தனியே நின்ற புவனேந்திரனுக்கு, அந்த வண்டியின் நாலு டயரையும் குத்திவிட்டால் என்ன என்றுகூட ஒரு நினைப்பு ஓடியது. பிறகு, குத்தினால் அது இங்கேயே நின்றுவிடுமே என்று பயந்து அந்த நினைப்பை விட்டுவிட்டார்.

ஒருவழியாக ஐயர் கூப்பிட்டார். சனம் குசினிக்குள் நெருங்கியடித்தது. கும்பத்துக்கு முன்னால் இருந்த பித்தளைப் பானைக்கு நூல் சுற்றி, மஞ்சள் கட்டி, பொட்டு வைத்திருந்தது. ஐயர் மந்திரம் சொல்லிப் பாலை ஊற்றினார். வசந்தமலர் பானையைத் தூக்கிக் கறுப்புக் கண்ணாடி அடுப்பின்மேல் வைத்தாள். புவனேந்திரன் தொண்டையைச் செருமினார்.

"இதில நெருப்பே இல்லை பாருங்கோ. தொட்டாக் கை சுடாது. இப்ப வந்த புது மொடல்."

விரலால் தொட்டார். அடுப்பு ஒருதரம் கண்ணைச் சிமிட்டி, 'கீக்' என்று கத்திவிட்டு அணைந்தது. மறுபடி தொட்டார். மறுபடி 'கீக்'. பானையை நகர்த்திப் பார்த்தார், வேட்டித் தலைப்பால் கண்ணாடியைத் துடைத்தும் பார்த்தார். கீக், கீக். பின்னால் யாரோ சிறுபிள்ளை சிரித்தது.

அப்போதுதான் விற்ற கடைக்காரன் சொன்னது நினைவில் வந்தது. காந்தம் ஒட்டுகிற பாத்திரம்தான் இதில் சுடுமாம். அன்றைக்குப் பெரிய மனுசன்மாதிரித் தலையாட்டிவிட்டு வந்தார். பித்தளையில் காந்தம் எங்கே ஒட்டும்? ஒருநாள் ஒரு குவளை தண்ணீர் வைத்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். அதற்குத்தான் வசந்தமலரின் சட்டம் விடவில்லையே.

"வேற சட்டி எடுப்பமோ ஐயா?" வசந்தமலருக்கு அழுகை வந்துவிட்டது.

"மந்திரம் சொல்லி வைச்ச பானையை மாத்தேலாது அம்மா. நேரம் போகுது. காஸ் அடுப்பு ஒண்டும் இல்லையோ?"

பழைய காஸ் அடுப்பைக் கழற்றி எறிந்து, குழாயையும் அடைத்தாயிற்று. எல்லார் கண்ணும் மெல்ல மெல்ல ஜன்னலுக்கு வெளியே திரும்பின. ஜெயன் மட்டும் கீழே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு, கேட்கக்கூடாததைக் கேட்பவன்மாதிரி, மெதுவாகச் சொன்னான்.

"எங்கட வண்டியில காஸ் இருக்கு அண்ணை."

அவன் நெஞ்சை நிமிர்த்திச் சொல்லியிருந்தால் புவனேந்திரன் 'போடா' என்றிருப்பார். அப்படிப் பதமாகச் சொன்னதுதான் இன்னும் எரிந்தது.

"அது இந்த வீட்டு அடுப்பில்லையே" என்றார்.

ஐயர் மணிக்கூட்டைப் பார்த்தார். "வண்டி உங்கட வளவுக்குள்ளதானே நிக்குது? பிறகென்ன. தூக்குங்கோ."

அப்படித்தான், சபதம் எடுத்த மனுசன், பால் தளும்பாமல் பானையை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, தம்பியின் வண்டியில் ஏறினார். உள்ளே உண்மையாகவே வடிவாகத்தான் இருந்தது. அதுவும் கோபத்தைக் கிளப்பியது. கைக்குட்டை அளவு அடுப்பில் ஜெயன் காஸைப் பற்றவைத்தான். நீல நெருப்பு 'குப்'பென்று எழும்பியது. சனம் படியிலும் ஜன்னலிலும் எட்டிப் பார்த்தது. பால் நுரைத்து, கிழக்குப் பக்கமாய்ப் பொங்கி வழிந்தது.

"பொங்கீட்டுது! பொங்கீட்டுது!" வாசலெல்லாம் ஒரே ஆரவாரம்.

ஜெயனின் மூத்த பெட்டை போனைத் தூக்கிப் பிடித்து வீடியோ எடுத்தாள். முடிந்தது. இனி ஊர் உலகமெல்லாம் பார்க்கும்: தன் வீட்டுப் பாலைத் தம்பியின் வண்டியில் காய்ச்சிய புவனேந்திரன். "சிரியுங்கோ பெரியப்பா!" என்றாள். அவர் சிரித்தார். பல்லைக் காட்டினார் என்பதுதான் சரி.

பானையை வசந்தமலரின் கையில் கொடுத்துவிட்டு அவர் தனியே லொஃப்ட்டுக்கு ஏறினார். யாருமே பார்க்காத அறையைத் தானாவது பார்க்கலாம் என்று நினைத்தார். மேலே குளியலறைக் கதவு பூட்டியிருந்தது. உள்ளே தண்ணீர்ச் சத்தம். சத்தம் நின்று, சற்றுப் பொறுத்து, கம்சிகா வெளியே வந்தாள். சேலை கட்டி முடித்திருந்தாள், தலையில் துவாய், கண் இரண்டும் சிவந்திருந்தன.

"ஐயோ அத்தான்! கேக்காமல் குளிச்சிட்டன். குறை நினையாதேங்கோ."

"அதுக்கென்ன."

"பால் பொங்கீட்டுதோ?"

"ஓம். உங்கட அடுப்பில." அந்தக் கசப்பை அவரால் மறைக்க முடியவில்லை.

அவள் அதைக் கவனிக்கவில்லை. கதவின் பிடியைத் தடவிக்கொண்டு நின்றாள். "நல்ல அறை அத்தான். பூட்டக்கூடிய கதவு. ரெண்டு வருசமா நான் ஒரு கதவைப் பூட்டிப்போட்டுத் தனிய இருக்கேல்லை. அழவேணுமெண்டாலும் வண்டியை விட்டிறங்கி வெளியில போகவேணும். பிள்ளையள் பாத்திடும்." படிப்பக்கம் ஒருதரம் எட்டிப் பார்த்தாள். "அவருக்குச் சொல்லிப்போடாதேங்கோ. இந்த வாழ்க்கையில அவர் அவ்வளவு சந்தோசமா இருக்கிறார்."

வெட்கத்தை விட்டுச் சொன்னால், புவனேந்திரனுக்கு முதலில் வந்தது மகிழ்ச்சிதான். அடக்கமுடியாத மகிழ்ச்சி. இத்தனை வீடியோவும், இத்தனை சிரிப்பும், உள்ளுக்குள் இவ்வளவுதானா! கம்சிகா கீழே போய்விட்டாள். அவர் அந்த ஒரு வசனத்தை இனிப்புமாதிரி வாய்க்குள் உருட்டிக்கொண்டு நின்றார்.

கொஞ்ச நேரத்தில் படியில் காலடிச் சத்தம். ஜெயன் ஏறி வந்தான். பின்னால் பத்துப் பதினைந்து பேர். கடைசியில், தட்டில் பால் கோப்பைகளோடு கம்சிகா. ஜெயன் அறையின் நடுவில் நின்றான். சுற்றிப் பார்த்தான். புவனேந்திரன் மாதக்கணக்காக மனதில் ஓட்டிப் பார்த்த அதே இடம், அதே நிலை.

"அண்ணை, அருமையாக் கட்டியிருக்கிறியள்" என்றான் ஜெயன். கண் மின்னியது. "அந்த நாளில கடைக்குப் பின்னால ஒரு அறையில நாங்கள் ரெண்டு பேரும் படுத்த படுக்கை ஞாபகமிருக்கே? அதிலயிருந்து இதுவரைக்கும் வந்திட்டியள். எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமே?"

முகத்தில் ஒரு பொட்டுக் கறுப்பு இல்லை. பாவி, பொறாமைப்படக்கூடத் தெரியாதவன்! புவனேந்திரனின் நாக்கு துடித்தது. ஒரே ஒரு வார்த்தை போதும். 'உன்ர பெண்சாதி குளியலறைக்குள்ள அழுதவள்' என்றால் போதும். சனத்தின் பின்னால் கம்சிகா தட்டைப் பிடித்தபடி அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் எச்சிலை விழுங்கினார். அந்த வார்த்தையும் அதோடு போயிற்று.

"டேய்" என்றார். "மாரிக் குளிர் முடியுமட்டும் இஞ்சை இருங்கோவன். இந்த அறை சும்மாதானே கிடக்கு."

அவளுக்காகச் சொன்னாரா, விழுங்கினதை வேறு வழியாலே துப்பினாரா, அவருக்கே தெரியவில்லை.

ஜெயன் வாய்விட்டுச் சிரித்தான். "எங்களுக்கு ஏனண்ணை அறை? எங்களுக்கு உலகமே வளவு! என்ன கம்சி?" என்று சிரித்தபடியே மனைவியின் பக்கம் திரும்பினான்.

கம்சிகாவும் சிரிக்கத்தான் பார்த்தாள். வாய் கோணியது, சிரிப்பு வரவில்லை. ஜெயன் அவளுடைய ஈரத்தலையைப் பார்த்தான், கண்ணைப் பார்த்தான், குளியலறைக் கதவைப் பார்த்தான். அவனுடைய சிரிப்பு அப்படியே நின்றது. முகம் கறுத்தது.

இந்த முகத்தைப் பார்க்கத்தான் கூரையைப் பிரித்து இவ்வளவும் கட்டினார். இப்போது ஒரு கணத்துக்குமேல் அவரால் அதைப் பார்க்க முடியவில்லை. கம்சிகாவின் கையிலிருந்த தட்டைப் பறிக்காத குறையாக வாங்கினார்.

"பால் ஆறப்போகுது, எல்லாரும் கீழ வாங்கோ. குசினியை வடிவாப் பாக்கேல்லையே? வாங்கோ, வாங்கோ" என்று சனம் முழுவதையும் படியிறக்கினார். கிளறிற்றா, "இன்னும் குளியலறை பாக்கேல்லை அண்ணை" என்றாள். "அதெல்லாம் பிறகு பாக்கலாம்" என்று அவளையும் விரட்டினார்.

தம்பியும் கம்சிகாவும் மட்டும் உள்ளே நின்றார்கள். புவனேந்திரன் கடைசி ஆளாக வெளியே வந்து, ஒரு கையில் தட்டைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் அந்த அறைக் கதவை மெல்ல இழுத்துச் சாத்தினார்.