ஓரம் வெட்டிய மெமரிகள்

மின் ஆளியைப் போட்டால் இரத்தினேஸ்வரி ரீச்சரின் கணினி மூன்று முறை கூவிவிட்டு நின்றுவிடும். மெமரி செத்துவிட்டது என்று அதற்குப் பொருள். துறைமுகத்து உப்புக்காற்று அந்த மெமரித் தகட்டின் பற்களை அரித்திருந்தது. நான் கணினி திருத்துபவள். இருபத்தெட்டு வருடப் பழைய கணினிக்கு மெமரி கடையில் கிடைக்காது என்று எனக்குத் தெரியும்.

ஆனால் பிறெயில் புள்ளி குத்தும் அச்சுப்பொறி அந்தக் கணினியோடு மட்டும்தான் வேலை செய்யும். ரீச்சருக்குக் கண் தெரியாது. குச்சவெளியில் இருக்கும் அவருடைய மாணவி அசனாவுக்கும் தெரியாது. அந்தப் பிள்ளைக்குச் சாதாரண தரப் பரீட்சைக்கு இன்னும் பதினொரு நாள். வரலாற்றின் கடைசி நாலு பாடங்கள் அச்சாகவில்லை.

"புது மடிக்கணினி தந்தவையெல்லோ, ரீச்சர்?"

"ஓம் நிருஜா. மாலை போட்டுப் படமும் எடுத்தவை. இந்த வயரைக் கொழுவ அதில இடமில்லை. கேட்டா, அச்சுப்பொறியையும் எறிஞ்சிட்டுப் புதுசு வாங்கட்டாம். பிள்ளையையும் எறிஞ்சிட்டுப் புதுசு எடுக்கச் சொல்லுவினமோ?"

மடிக்கணினி தந்த உதவி நிறுவனத்தார் பள்ளிக்கூடங்களின் பழைய கணினிகளையெல்லாம், திருத்தி, கணினி இல்லாதவர்களுக்குக் கொடுப்போம் என்று அள்ளிக்கொண்டு போயிருந்தார்கள். அவை முனாஸ் நானாவின் பழைய இரும்புக் கடையில் கிடப்பதாகக் கேள்விப்பட்டு, மறுநாள் காலை போனேன்.

நானா ஒரு சாக்கைக் காட்டினார். வாய்வரை மெமரிகள். கையை விட்டு அள்ளினேன். எல்லாவற்றிலும் ஓரம் வெட்டப்பட்டிருந்தது. கணினிக்குள் பொருந்தும் பற்கள் அந்த ஓரத்தில்தான் இருக்கும். அது போனால் மெமரி வெறும் பச்சைத் தகடு.

"ஆர் நானா இப்பிடி வெட்டினது?"

"நாங்கதான், தங்கச்சி. ஓரத்தில பொன் பூசி இரிக்கில்லா? அது மட்டும் கொழும்புக்குப் போகும்."

"இதெல்லாம் வேலை செய்திருக்கும்."

"வேல செய்யிறதெண்டா என்னத்துக்கு என்னட்ட வருது? பழுதெண்டு எழுதித் தந்திரிக்காங்க."

தாளையும் காட்டினார். நூற்று நாற்பது கணினிகள். 'பாவனைக்கு உதவாதவை' என்று ஒரு வரி, கீழே அந்த நிறுவனத்து அதிகாரியின் பெயரும் கையெழுத்தும். ஒன்றையாவது ஆளி போட்டுப் பார்த்திருப்பார்களா? இன்று யாரையும் வையக்கூடாது என்று அம்மனிடம் கேட்டுவிட்டுத்தான் வந்திருந்தேன். அந்தத் தாளைப் பார்த்ததும் வாய்விட்டு வைதேன்.

தகரம் வெட்டும் கத்திரியோடு இருந்த நானாவின் மனைவி பஹ்மியா தலையை நிமிர்த்தினார். "ஆருக்கும்மா இது?"

அசனாவைப் பற்றிச் சொன்னேன். அவர் கத்திரியை வைத்துவிட்டு எழுந்து, ஒரு பிஸ்கட் தகரப் பேணியைக் கொண்டுவந்தார்.

"இதுகள்ர ஓரம் வெள்ள. பொன் இல்ல. அதால நான் வெட்டல்ல. எறிய வெச்சது."

உள்ளே எட்டு மெமரிகள், பல் கொட்டாமல் இருந்தன. வெள்ளீயம் பூசிய மலிவான வகை.

"இது கடல்காத்துக்கு நிக்குமா?" என்றார் நானா.

"கனநாள் நிக்க ஏலாது. கிழமைக்கு ஒருக்காக் கழட்டி அழிறப்பரால தேய்க்கோணும்."

"பத்து நாளைக்கு ரெண்டு தரம் தேய்ச்சாப் போதுமே," என்றவர், சாக்கைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "இனி வாறதுகள வெட்ட முந்தி உங்களுக்குக் காட்டுறன்."

அவர் சொன்னது எனக்கு ஆறுதல்தான். ஆனால் அது அவருடைய கடமை அல்ல. அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டவர் செய்திருக்க வேண்டிய வேலை.

பேணியோடு ரீச்சரிடம் திரும்பி, கடையில் பார்த்ததையெல்லாம் சொன்னேன். அவருடைய கணினிக்கு மெமரியை இரண்டிரண்டாகப் போட வேண்டும். இரண்டு சோடி சரிவரவில்லை. மூன்றாவது சோடியோடு கணினி ஒரே ஒரு முறை கூவிவிட்டு ஓடத் தொடங்கியது. ரீச்சர் கைகூப்பினார். சற்று நேரத்தில் அச்சுப்பொறி படபடவென்று குத்தத் தொடங்கியது. முதல் தாளைத் தடவிப் பார்த்துக்கொண்டே, கையெழுத்துப் போட்டவரின் பெயரைக் கேட்டார். சொன்னேன்.

"முதல்ல பிள்ளையின்ர பாடம் முடியட்டும். பிறகு அவருக்கும் இதிலயே ஒரு கடிதம் அடிக்கிறன். வாசிக்க ஏலாட்டி ஆரையாவது கேட்டு வாசிக்கட்டும்."

பின்னேரத்துக் குச்சவெளி பஸ்ஸில் இரண்டு பாடங்கள் போயின. கொண்டக்டர் தாள்களை மடியில் வைத்திருந்தார். நசிந்தால் புள்ளிகள் அழிந்துவிடும் என்று சொல்லியிருந்தேன்.