என் பாவாடை போட்ட ஓட்டு

நியூ ஜெர்சியில் சொத்துள்ள விதவைகளுக்கும் மணமாகாத பெண்களுக்கும் ஓட்டு இருந்த காலம் அது. புருஷன் உயிரோடு இருந்தால் கிடையாது. என் புருஷன் வோர்ஹீஸ் போய்ச் சேர்ந்தபின், அவர் விட்டுப்போன விடுதியோடு எனக்குக் கிடைத்த ஒரே மரியாதை அந்த ஓட்டுதான்.

ஆயிரத்து எண்ணூற்று ஏழு பிப்ரவரியில், கோர்ட்டுக் கட்டடம் எங்கள் ஊருக்கா பக்கத்து ஊருக்கா என்று ஓட்டெடுப்பு நடந்தது. ஓட்டுப் பெட்டி வழக்கம்போல என் விடுதியின் பெரிய மேசையில் இருந்தது. என் ஓட்டைப் போட்டுவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனேன்.

திரும்பி வந்தால் என் சாம்பல் நிறப் பாவாடை நடந்து வருகிறது. காலையில் கொடியில் காயப்போட்டது. கிழிசலில் நான் தைத்த ஒட்டுத்துணி கூடத் தெரிந்தது. பாவாடைக்குக் கீழே பூட்ஸ், தொப்பிக்குள்ளே எஃப்ரைம் டூரியா. தோல் பட்டறை முதலாளி, சர்ச்சில் முன்வரிசைக்காரன், ஏற்கெனவே ஆணாக ஒரு ஓட்டுப் போட்டவன். பெட்டி அதிகாரி சிரிப்பை அடக்கிக்கொண்டு பெயர் கேட்டார். இவன் கீச்சுக்குரலில் எவள் பெயரையோ சொன்னான். இங்கிலாந்து ராஜாவை விரட்டிவிட்டு நாங்கள் கண்ட ஆட்சியின் லட்சணம் இது. பாவாடை பிறகு லாயத்தில் சேறாய்க் கிடந்தது. துவைத்து வைத்தேன், அப்புறம் கட்டவில்லை.

அக்டோபரில் அவன் சட்டசபைக்கு நின்றான். என் சமையலறையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டே, "அக்கா, உங்க ஓட்டு இல்லாம நான் எங்க போறது?" என்றான். எதிரே நின்றவன் இவனைவிடக் கழிசடை. போட்டுத் தொலைத்தேன்.

நவம்பரில் சட்டசபையிலிருந்து செய்தி வந்தது. தேர்தலில் பித்தலாட்டம் நடக்கிறதாம், பெண்கள் பெயரில் கள்ள ஓட்டு விழுகிறதாம். அதனால் இனி வெள்ளை ஆண்களுக்கு மட்டும்தான் ஓட்டு. சொத்துள்ள கறுப்பர்களையும் சேர்த்தே துரத்தினார்கள். ஜெயித்துப் போன டூரியாவும் அந்தச் சட்டத்துக்குக் கை தூக்கியிருந்தான்.

ஊர் திரும்பியவன் என் விடுதியிலேயே சைடர் குடித்தபடி எனக்கு ஆறுதல் சொன்னான். "தப்பா எடுத்துக்காதீங்க அக்கா. சேத்துல நடந்து வந்து ஆம்பளைங்க நடுவுல நிக்கிற கஷ்டம் இனி உங்களுக்கு இல்ல."

என் அடுப்புக்கும் என் மேசைக்கும் நடுவில் எந்தச் சேறு?

"கள்ள ஓட்டுப் போட்ட பொம்பளைய எனக்குத் தெரியும்," என்றேன். "சவரம் பண்ணிட்டு வந்திருந்தா."

எல்லோரும் சிரித்தார்கள். வெட்கமில்லாமல் அவனும் சிரித்தான். சட்டம் அப்படியே இருந்தது.

அடுத்த அக்டோபரில் தேர்தலன்று நல்ல மழை. டூரியாவும் அதிகாரியும் பெட்டியோடு வந்து கதவைத் தட்டினார்கள். நான் ஜன்னலை மட்டும் திறந்தேன்.

"திறங்க அக்கா, பெட்டி நனையுது."

"இது பொம்பள வீடு. இங்க வச்சா ஓட்டு கெட்டுப்போயிடும்னு நீங்கதானே சட்டம் போட்டீங்க?" என்று சொல்லி அந்தச் சாம்பல் பாவாடையை அவன் மேல் வீசினேன். "இதப் போட்டு மூடிக்கோங்க. உங்களுக்குப் பழகின துணிதான்."

வேறு இடம் தேடி அலுத்து, கடைசியில் என் வாசலிலேயே மழையில் நின்று ஓட்டுப் போட்டார்கள். பெட்டியின் மேல் என் பாவாடை கிடந்தது. ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். பாவாடை இருந்த இடத்துக்கு என்னால் போக முடியவில்லை.