மில்கேயாவின் தேன் பூச்சு

"திங்கட்கிழமை பேங்க்காரன் என்னை நம்பவே இல்லடீ! 'இது உங்க அம்மாவோட அடையாள அட்டை, போய் அம்மாவைக் கூட்டிட்டு வா பொண்ணே'ங்கிறான்!" அறுபத்தெட்டு வயது மில்கேயா தன் கன்னத்தைத் தானே தட்டிக்கொண்டாள். "எல்லாம் வீட்டுல பூசின அவகாடோவும் தேனும். அழகு நிலையத்துக்கு எதுக்குடீ தண்டம் அழணும்?"

இதை அவள் சொன்ன இடம் யூடெல்காவின் அழகு நிலையத்து வாசல். அதுதான் யூடெல்காவின் வயிற்றை எரித்தது.

பானி நகரத்தில் சனிக்கிழமை தலையில் முடி சுற்றும் ரோலர் இல்லாமல் ஒரு பெண் தெருவில் நடந்தால், யார் வீட்டில் சாவு என்று கேட்பார்கள். அத்தனை ரோலரையும் சுற்றியவள் யூடெல்கா. இப்போது தெருவே வீட்டு வைத்தியத்தில் இறங்கிவிட்டது. ஒருத்தி முட்டையைத் தலையில் தேய்த்து வெந்நீரை ஊற்றி ஆம்லெட்டோடு சர்ச் பூசைக்குப் போனாள். இன்னொருத்தி காப்பிச் சக்கையால் சாயம் போட்டதில், எறும்புகள் அவள் பின்னாலேயே ஊர்வலம் வந்தன. யூடெல்காவின் நாற்காலிகளில் பூனை தூங்கியது. இன்னும் ஒரு சனிக்கிழமை இப்படிப் போனால் கடையை மூட வேண்டியதுதான்.

"புளுகு! உன் மூஞ்சியைப் பார்த்தா உன் பேத்தியைத்தான் துணைக்குக் கூப்பிடச் சொல்லியிருப்பான்" என்றாள் யூடெல்கா. "வா, இப்பவே போய்க் கேப்போம். அவன் சொல்லியிருந்தா ஊரறிய ஒத்துக்கறேன். இல்லேன்னா இவளுங்க எல்லாம் என் நாற்காலிக்குத் திரும்பணும்."

கூடியிருந்த பெண்கள் கைதட்டினார்கள். மில்கேயாவுக்குத் திடீரென்று செருப்பு வார் இடறத் தொடங்கியது.

வங்கி வாசலில் துப்பாக்கியோடு நின்ற காவலாளி முகம் மலர்ந்து, மூத்த பெண்களை அழைக்கும் மரியாதைச் சொல்லோடு கூப்பிட்டான். "அட, தோன்யா மில்கேயா! வீக்கம் வடிஞ்சிடுச்சா?"

மில்கேயா பலமாக இருமினாள்.

"என்ன வீக்கம்?" என்றாள் யூடெல்கா.

"அன்னிக்கு முகம் பூசணிக்கா மாதிரி இருந்துச்சும்மா. ஒரு சுருக்கம் இல்ல. கண்ணும் இல்ல. பென்ஷனுக்காக உயிரோட இருக்கேன்னு முகம் காட்டக் கடைசி நாள் அது. கவுண்டர்ல இருந்த புதுப் பையன் அட்டையைப் பார்த்தான், முகத்தைப் பார்த்தான், 'அம்மாவைக் கூட்டிட்டு வா'ன்னுட்டான். தோன்யா திட்டின திட்டுலதான் மேனேஜர் ஆளை அடையாளம் கண்டாரு. ரெண்டு தேனீ வேற கூடவே வந்திருந்துச்சு."

திரும்பும் வழியில் மில்கேயா முனகினாள். "கரண்ட் போச்சு, ஃபேன் நின்னுச்சு. பூச்சு காயட்டும்னு மாமரத்தடியில உட்கார்ந்தேன். மேல தேன்கூடு இருக்குன்னு மரம் சொல்லவா செஞ்சுது?"

தெருவே காத்திருந்தது. "சொன்னானா, இல்லையா?"

யூடெல்கா இடுப்பில் கைவைத்தாள். "சுருக்கம் போனது நிஜந்தான்டீ. தேனைப் பூசிக்கிட்டு இவ வீட்டு மாமரத்துக் கூட்டுக்குக் கீழ உட்காரணும், அவ்வளவுதான். யாரு முதல்ல?"

பெண்கள் எல்லாரும் நாற்காலிகளுக்குப் பாய, பூனை துள்ளிக் குதித்து இடம்விட்டது. முதல் நாற்காலியைப் பிடித்தவள் மில்கேயாவேதான். ஈரத் தலையோடு அவள் விடவில்லை. "பேங்க்காரன் சொன்னானா இல்லையா, அதை மட்டும் வாயைத் திறந்து சொல்லுடீ!"

யூடெல்கா ரோலரை இறுக்கிச் சுற்றினாள். "சொன்னான் தாயே, சொன்னான். தலையை ஆட்டாதே."