விசிறிகள் நின்ற கூடம்

பதினாலு வருஷமாக அந்தக் கூடத்தில் பேச்சு என்றால் கத்தல்தான். ஆயிரக்கணக்கான கணினிகள், ஒவ்வொன்றின் வயிற்றிலும் ஆறேழு குட்டி விசிறிகள். கணினிகளைப் பழுதுபார்க்கும் அவனும், அவன் அக்கா என்று கூப்பிடும் மின்வேலைக்காரப் பெண்ணும் பாதி வேலையை ஜாடையிலேயே முடித்துவிடுவார்கள். காதடைப்பான் கொடுத்திருந்தார்கள். அதைப் போட்டால் அக்கா கூப்பிடுவது கேட்காது என்று அவன் சட்டைப்பையிலேயே வைத்திருந்தான்.

பிறகு நிர்வாகம் விசிறிகளையெல்லாம் கழற்றச் சொன்னது. இனி கணினிகள் திரவத்தில் மூழ்கிக் கிடக்குமாம். பார்க்கத் தண்ணீர், தொட்டால் எண்ணெய். மின்சாரம் பாயாது; சூட்டை மட்டும் வாங்கிக்கொள்ளும். ஆள் படுக்கிற நீளத்தில் இருபது தொட்டிகள் வந்து இறங்கின. கடைசி விசிறி நின்ற அன்று அக்கா சிரித்தாள். "தம்பி, என் செருப்புச் சத்தம் எனக்கே கேக்குதுடா!"

அவனுக்கு விசிறி ஓடிக்கொண்டிருந்தது.

"எங்கேயோ ஒண்ணு இன்னும் சுத்துதுக்கா."

இருவரும் தேடினார்கள். கூரைப் பலகையைக்கூடக் கழற்றிப் பார்த்தார்கள். "உன் மண்டையிலதான் ஏதோ கழண்டுடுச்சு" என்று அக்கா ஏணியை மடக்கினாள். வீட்டுக்குப் போகும் பேருந்திலும் அந்தச் சத்தம் கூடவே வந்தது. சாப்பிட உட்கார்ந்தபோதும் விடவில்லை. அப்போதுதான் விசிறி தன் காதுக்குள்ளேயே ஓடுகிறது என்று அவனுக்குப் புரிந்தது.

மனைவிக்கு முன்பே சந்தேகம். "ரெண்டு வருஷமா டிவியை அலற விடுறீங்க. மூணு தடவை கூப்பிட்டாத்தான் திரும்புறீங்க. டாக்டரைப் பாக்கலாம், வாங்க."

"ஒண்ணுமில்ல. சளி."

காது போச்சு என்று காகிதத்தில் ஏறிவிட்டால் கூடத்துக்குள் விடமாட்டார்கள். அவனுக்குத் தெரிந்தது அந்த வேலை ஒன்றுதான். மற்றவர்களின் உதட்டைப் பார்த்துப் பார்த்தே ஆறு வாரம் ஓட்டினான்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை. ஏழாவது தொட்டியிலிருந்து கணினி ஒன்றைச் சொட்டச் சொட்டத் தூக்கி வைத்துப் பிரித்துக்கொண்டிருந்தான். அவன் முதுகுக்குப் பின்னால் ஆறாவது தொட்டியின் குழாய் கசிய ஆரம்பித்தது. கசிவுமணி கீச்சென்று அடித்தது. நாலு நிமிஷம். அவன் திரும்பவில்லை. பக்கத்து அறையிலிருந்து வந்த அக்கா, சிவப்பு விளக்கைப் பார்த்துவிட்டு ஓடிவந்தாள். தரையில் பரவியிருந்ததைப் பார்க்கவில்லை. அவள் வழுக்கி விழுந்து அலறியதுதான் அவனுக்குக் கேட்டது. அவளுடைய வலது மணிக்கட்டு முறிந்திருந்தது.

மறுநாள் மேலாளர் அவனை உட்காரவைத்துக் கேட்டார். "மணி அடிக்கல, அப்படித்தானே? தொட்டி செஞ்சவங்க மேல புகார் எழுதிடுறேன்."

தலையாட்டினால் போதும். ஆட்டத்தான் நினைத்தான். கழுத்து அசையவில்லை.

"அடிச்சுது சார். அடிச்சிருக்கும். எனக்குத்தான் கேக்கல. ரொம்ப நாளாவே கேக்கல."

பரிசோதனையில் தெரிந்தது: மெல்லிய, உயர்ந்த ஒலிகள் இரண்டு காதிலும் போய்விட்டன. திரும்ப வராது. உள்ளே ஓடும் விசிறியும் நிற்பது சந்தேகம் என்றார் டாக்டர். அவனை உதிரிபாகக் கிடங்குக்கு மாற்றினார்கள். கூடத்தில் வேலை பார்த்த அத்தனை பேருக்கும் காதுப் பரிசோதனைக்குக் கடிதம் போனது.

அக்காவைப் பார்க்க அவள் வீட்டுக்குப் போனான். அவள் கையில் மாவுக்கட்டு. உட்காரச் சொல்லவில்லை.

"ஆறு வாரம். ஒரு வார்த்தை சொல்லியிருந்தா உனக்கும் சேர்த்து நான் காது குடுத்திருப்பேனே! என்னை என்னன்னு நெனச்சே?"

அவன் கொண்டுபோன பழங்களை மேசையில் வைத்துவிட்டு வாசலுக்கு நடந்தான். பின்னால் அவள் ஏதோ சொன்னதுபோல இருந்தது. திரும்பினான். அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இந்தப் பக்கம் திரும்பிச் சொல்லுக்கா. கேக்கல." யாரிடமும் அவன் இப்படிக் கேட்டதில்லை.

அவள் திரும்பினாள். கோபம் அப்படியே இருந்தது. கண் மட்டும் கலங்கியிருந்தது.

"எனக்கும் கடிதாசி வந்திருக்கு. நாளைக்குப் பத்து மணிக்கு. தனியாப் போகப் பயமா இருக்குடா."

"ஒன்பதுக்கே வந்துடுறேன்" என்றான்.