காவல் கூண்டில் வளைகாப்பு

அந்தப் புதன்கிழமை காலை பூங்காவில் இருந்தவர்கள்: வாசலில் சீட்டுக் கிழிக்கும் அமலதாஸ், சிவசைலம், அவர் மகள் கோமதி, மருமகன் ஆவுடையப்பன், சம்பந்தியம்மாள் உலகம்மாள், அவளோடு வந்த சுமங்கலிகள் ஆறு பேர், காவல் கூண்டில் சிவசைலத்தின் மனைவி பகவதி. ஆகப் பன்னிரண்டு பேர். கோமதியின் வயிற்றில் ஏழு மாதமாக இருந்ததை அமலதாஸ் சேர்க்கவில்லை. அதற்குச் சீட்டு இல்லை.

பகவதி கூண்டில் ஏறி எட்டு நாள் ஆகியிருந்தது.

அந்த இடம் முன்பு பட்டாள முகாம். பட்டாளம் காலி செய்துகொண்டு போனபோது துப்பாக்கிகளை எண்ணி எடுத்துப்போனது. காவலை மட்டும் விட்டுவிட்டது. பிறகு டாங்கியின் குழலில் ஊஞ்சல் கட்டினார்கள். வெடிமருந்துக் கிடங்கில் ஐஸ்கிரீம் விற்றார்கள். அணிவகுப்புத் திடலில் நடக்க வந்தவர்கள் மூலைக்கு மூலை ஒன்றாகத் திரும்பினார்கள். கூண்டில் யார் ஒதுங்கினாலும் அவரே காவலர். போன வாரம் செவ்வாய்க்கிழமை தூறலுக்கு ஒதுங்கியவள் பகவதி.

விதிகள் கூண்டின் நெற்றியில் தகரப் பலகையில் இருந்தன. மாற்று ஆள் வராமல் காவலர் இறங்கக் கூடாது. மாற்று ஆள் அதே பிரிவைச் சேர்ந்தவராக இருக்க வேண்டும். காவலர் அவரை முழுப்பெயர் சொல்லி மூன்று முறை உரக்க அழைக்க வேண்டும். கால் மணிக்கு ஒருமுறை காவலர் விழித்திருக்கும் சத்தம் வாசலுக்குக் கேட்க வேண்டும். பிரிவு எது என்பதற்கு ரேஷன் அட்டையைப் பார்த்தார்கள். பகவதியைத் தவிர அதில் இரண்டு பேர். கோமதி பிள்ளைத்தாய்ச்சி. ஆக, சிவசைலம்தான்.

அவர் தினமும் தூக்குப் போணியோடு வந்து, கூண்டைச் சுற்றிப் போட்டிருந்த வெள்ளைக் கோட்டருகில் தயாராக நின்றார். பகவதி அழைக்கவில்லை. கல்யாணமான நாற்பத்தோரு வருஷத்தில் அவள் புருஷன் பேரைச் சொன்னதில்லை. முதல் நாள், “கோமதி அப்பா” என்றாள். அவள் கால் தரையை விட்டு எழும்பவில்லை. மறுநாள், “சிவனையும் மலையையும் சேத்தா வருமே, அந்தப் பேரு” என்றாள். அப்போதும் எழும்பவில்லை. சிவசைலம் வற்புறுத்தவில்லை. நான்கு இட்லி கொடுத்தார், ஒன்று திரும்பி வந்தது, வீட்டுக்குப் போனார்.

ஆனால் இன்று வளைகாப்பு. அவர்கள் வழக்கத்தில் பெற்றவள்தான் முதல் வளையலைப் போட வேண்டும். காவலர் கோட்டுக்கு வெளியே கை நீட்டக் கூடாது. காவலுக்குள் கை நீட்டுவது பிள்ளைத்தாய்ச்சிக்கு ஆகாது. கூண்டிலும் ஒருவருக்குத்தான் இடம். நல்ல நேரம் பத்தரைக்கு முடிகிறது.

கூண்டுக்கு எதிரே மணை போட்டுக் கோமதியை உட்காரவைத்தார்கள். நான்கு டஜன் கண்ணாடி வளையல் தாம்பாளத்தில் இருந்தது. சிவசைலம் இரண்டு தடவை எண்ணினார். நாற்பத்தெட்டு.

“ஏன் மதினி, பேரைச் சொன்னா வாய் வெந்துருமா?” என்றாள் உலகம்மாள்.

“நீங்க உங்க வீட்டுக்காரர் பேரைச் சொல்லுங்க, பாப்போம்.”

உலகம்மாள் தாம்பாளத்தைச் சரிசெய்தாள். ஆறு சுமங்கலிகளும் டாங்கியைப் பார்த்தார்கள்.

“அத்தை, ஒரு தாளில எழுதிக் காட்டுனா?” என்றான் ஆவுடையப்பன்.

“ஆகாது தம்பி,” என்றார் அமலதாஸ். “சத்தமா. மூணு தடவை.”

மணி பத்து இருபது. கோமதி கையை மடியில் வைத்துக்கொண்டு, “எம்மா, ஒன் கையாலதான் போடணும். இல்லைன்னா எனக்கு வேண்டாம்” என்றாள்.

பகவதி நேராக நின்றாள். கூரைக்கும் மரத்துக்கும் நடுவில் ஓர் இடத்தைப் பார்த்தாள்.

“சிவசைலம்” என்றாள்.

அவர் தலை குனிந்துகொண்டார். ரேஷன் கடையில், ஆஸ்பத்திரியில், வங்கியில் எத்தனையோ பேர் கூப்பிட்ட பேர்தான். ஆனால் அதில் இத்தனை எழுத்து இருப்பது அவருக்கு இப்போதுதான் தெரிந்தது.

“சிவசைலம்.”

அவர் சட்டையின் மேல் பொத்தானைப் போட்டார்.

மூன்றாவது முறை அவள் கூரையைப் பார்க்கவில்லை, அவரைப் பார்த்தாள். “சிவசைலம்,” என்றாள், பழகியவள் போல.

கால் எழும்பியது. அவள் இறங்க, அவர் ஏறினார். பத்து இருபத்தாறுக்கு முதல் வளையல் கோமதியின் கையில் ஏறியது. வலக்கையில் இருபத்தொன்று, இடக்கையில் இருபத்திரண்டு. ஐந்து மீந்தன.

புளிச் சோறும் தயிர்ச் சோறும் சாப்பிட்டு முடித்ததும் பகவதி கோட்டருகில் வந்து நின்றாள். “கூப்பிடுங்க, ஏறிக்கிடுதேன். மூணு தடவை.”

சிவசைலம் வாயைத் திறந்தார். நாற்பத்தோரு வருஷமாக அவர் அவளை ‘இந்தா’ என்று மட்டும்தான் கூப்பிட்டிருந்தார். இவ்வளவு பேர் இருந்தார்கள்.

“இருக்கட்டும்,” என்றார். “நீ பிள்ளைத்தாய்ச்சியைப் பாரு.”

“ரெண்டு இட்லி கூட வைக்கவா?”

“நாலு போதும்.”

அமலதாஸ் தொண்டையைச் செருமினார். “சார் சொன்னது எனக்கே கேக்கல. கால் மணிக்கு ஒருக்கா வாசலுக்குச் சத்தம் வரணுமே. அம்மா நின்னப்ப வளையல் கேக்கும்.”

பகவதி தாம்பாளத்தை எடுத்து வந்தாள். அவர் கோட்டுக்கு உட்பக்கமாகவே கைகளை வைத்துக்கொண்டார். கைக்கு இரண்டாக, ஒன்றும் உடையாமல் ஏற்றினாள். அவர் ஒருமுறை அசைத்துப் பார்த்தார். அமலதாஸ் வாசலுக்குப் போய் நின்று, கேட்கிறது என்று கை காட்டினார்.

எல்லோரும் புறப்பட்டார்கள். அமலதாஸ் நோட்டில் எழுதினார்: உள்ளே வந்தது பத்து, வெளியே போனது பத்து. கணக்குச் சரி.

வளையல் ஒன்று மீதி.