கொக்கு என்ற ஏழாவது சோப்பு

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு ஒற்றனின் அறிக்கை வந்துவிடும்.

ஒற்றன் என்று பெயர் வைத்தது மாமியார். மருமகன் கணினியில் ஏற்பாடு செய்து வைத்திருந்த செயற்கை நுண்ணறிவுக்குத்தான் அந்தப் பெயர். கறை போக்கும் சோப்பு விற்கிற மற்ற கம்பெனிகள் என்ன விலை வைக்கின்றன, உறையை மாற்றினவா, வாங்கியவர்கள் இணையத்தில் என்ன திட்டி எழுதியிருக்கிறார்கள் என்று வாரம் முழுக்க மேய்ந்து, ஓர் அட்டவணையாகப் போட்டுக் கொடுக்கும். அடுத்தவர் வீட்டு ஜன்னலில் எட்டிப் பார்க்கிறவனுக்கு வேறு என்ன பெயர் வைப்பது என்று மாமியார் கேட்டார்.  அன்றிலிருந்து அது ஒற்றன்.

மாமியாரின் ஒற்று வேலை வேறு மாதிரி. புதிதாக ஒரு சோப்பு கடைக்கு வந்தால் இரண்டு கட்டி வாங்கி வருவார். வெள்ளைத் துணியைக் கிழித்து, தேநீர், எண்ணெய், பேனா மை, தக்காளிச் சாறு என்று வரிசையாகக் கறை வைத்து, நன்றாகக் காயவிட்டு, தன் கையாலேயே துவைத்துப் போடுவார். எந்தத் துண்டு எந்தச் சோப்பு என்பதற்கு மூலையில் நூல் முடிச்சு. ஒரு முடிச்சு என்றால் நம்முடையது. பட்டறைக்குப் பின்னால் கொடியில் எப்போதும் பத்துத் துண்டாவது ஆடிக்கொண்டிருக்கும். தீர்ப்பு அங்கேதான்.

பட்டறை என்பது இரண்டு அறை. முதல் அறையில் பெரிய பாத்திரமும் அச்சுகளும். இரண்டாவதில் நான்கு வாரம் காய வேண்டிய கட்டிகள் அடுக்கிய மரத்தட்டுகள். அச்சில் ஊற்ற ஓர் அச்சுக்காரர், உறை போட அக்கா தங்கை இருவர். மாமியார் காய்ச்சுவார், மகள் விற்பாள். அப்படித்தான் ஒன்பது வருடம் ஓடியது. பதினான்கு மாதங்களுக்கு முன்னால் மகள் இறந்துபோனாள். மருமகன் தன் வேலையை விட்டுவிட்டு அவள் நாற்காலியில் வந்து உட்கார்ந்தான். யாரும் அவனை வரச் சொல்லவில்லை. எப்போது போவாய் என்றும் யாரும் கேட்கவில்லை.

அவனுக்குக் கடைக்காரர்களிடம் பேச வராது. கணினி வரும். அவள் மடிக்கணினியில் ‘போட்டி’ என்று ஒரு கோப்புறை இருந்தது. அவன் அதைத் திறக்கவில்லை. அப்படியே தூக்கி ஒற்றனிடம் கொடுத்து, இதிலிருந்து ஆரம்பி என்றான். நேரம் மிச்சம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

இந்தத் திங்கட்கிழமை அறிக்கைக்கு வழக்கத்தைவிட எடை அதிகம். அவர்கள் காய்ச்சுவதில் பாதிக்கு மேல் வாங்குகிற பெரிய கடையிலிருந்து கடிதம் வந்திருந்தது. கறைச் சோப்பு வரிசையில் இப்போது நான்கு இருக்கிறது, இனி மூன்றுதான், வெள்ளிக்கிழமை வந்து உங்கள் சோப்பு மற்றவற்றிலிருந்து எப்படி வேறு என்று சொல்லுங்கள். கடையில் அந்தத் தட்டு போனால் வாரத்துக்கு ஒரு நாள்தான் அடுப்பு எரியும். அக்கா தங்கை இருவரையும் வீட்டில் இருக்கச் சொல்ல வேண்டியதுதான். மாமியார் கடிதத்தை மடித்துக் கண்ணாடிக் கூட்டுக்குள் வைத்துக்கொண்டார்.  அன்று துண்டுகளை வழக்கத்தைவிட அழுத்தித் துவைத்தார்.

எனவே அவன் ஒற்றனிடம் இந்த முறை வேறு கேள்வி கேட்டிருந்தான். வாராவாரம் மாற்றம் செய்தவர்களை மட்டும் சொல்கிறாய், இந்த வாரம் எல்லோரையும் எடு, நம்மை அடித்து வீழ்த்தக்கூடியவர் யார் என்று வரிசைப்படுத்து.

முதல் இடத்தில் இதுவரை அவன் கேள்விப்படாத ஒரு பெயர் நின்றது. கொக்கு. பட்டியலில் ஏழாவதாக, ஒரு மாற்றமும் இல்லாததால் இதுவரை எந்த அறிக்கையிலும் வராமல் கிடந்த சோப்பு.

மாமியார் பாத்திரத்தைக் கிளறியபடி கேட்டுக்கொண்டிருந்தார். அவன் வாசித்தான். கொக்கு, நம் சோப்பின் பலவீனங்களைத் துல்லியமாக அறிந்திருக்கிறது. நம் கட்டி ஈரக் கையில் வழுக்குகிறது. சோதனையில் பயனர் ஒருவர் மூன்று முறை தவறவிட்டார். கொக்கின் கட்டிக்கு நடுவில் இடுப்பு உண்டு. நம் உறை நனைந்ததும் கிழிந்து, பெயர் போய்விடுகிறது. கொக்கு, எந்தக் கறை போகாது என்பதையும் உறையிலேயே அச்சிடுகிறது.

“மூணு தடவையா? எந்தக் கைவிளங்காத பய அவன்?” என்றார் மாமியார்.

“தெரியல அத்தை.”

“பேரு தெரிஞ்சா சொல்லுங்க, கையுறை அனுப்பி வைக்கலாம்.”

சிரிப்புக்குத்தான் சொன்னார். ஆனால் கிளறுவது நின்றுவிட்டது.

செவ்வாய்க்கிழமை மாமியார் பையை எடுத்துக்கொண்டு கொக்கு வேட்டைக்குக் கிளம்பினார். பதினோரு கடை. ஒரு கடைக்காரர் கொக்குப் படம் போட்ட தீப்பெட்டியை எடுத்து நீட்டினார். இன்னொருவர், அது வந்து விற்றுத் தீர்ந்துவிட்டது என்று அடித்துச் சொல்லிவிட்டு, என்ன நிறம் என்று கேட்டதும் விழித்தார். சாயங்காலம் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு மாமியார் வாசற்படியிலேயே உட்கார்ந்தார். அதற்குள் பட்டறையில் கொக்கு வளர்ந்துவிட்டிருந்தது. வெளிநாட்டுச் சரக்காக இருக்கும் என்றார் அச்சுக்காரர். எங்கேயோ பெரிய தொழிற்சாலை கட்டுகிறார்களாம் என்றாள் அக்கா. தங்கை அதன் விளம்பரத்தையே பார்த்ததாகச் சொன்னாள். யாரும் பார்க்காத ஒரு சோப்பு, இரண்டே நாளில் எல்லோர் பேச்சிலும் வந்துவிட்டது.

புதன்கிழமை மருமகன் ஒற்றனிடம் கொக்கைப்பற்றி உள்ளது உள்ளபடி எல்லாவற்றையும் கொடு என்றான். சுருக்கம் வேண்டாம், சொன்ன வார்த்தையே வேண்டும். வந்ததை மாமியாருக்கு வாசித்துக் காட்டினான். நான்காவது வரியில் நம் சோப்பின் மணத்தைப்பற்றி இருந்தது. ‘ஈரச் சாக்கைப் பெட்டிக்குள் பூட்டி வைத்த வாசனை.’

மாமியார் கையைத் துணியில் துடைத்துக்கொண்டார். ஒரு விரல் விடாமல் துடைத்தார்.

“இன்னொரு தடவ படிங்க.”

படித்தான்.

“என் சோப்ப ஈரச் சாக்குன்னு சொல்ல இந்த உலகத்துல ஒருத்திக்குத்தான் வாய் உண்டு,” என்றார். “இத எங்கேருந்து எடுத்தான்னு கேளுங்க மாப்பிள்ளை.”

கேட்டான். ஒற்றன் ஒரு நொடியில் பதில் சொன்னது. நீங்கள் கொடுத்த ‘போட்டி’ கோப்புறையில் உள்ள ஒரு கோப்பு. எழுதி இரண்டு வருடம் ஆகிறது. இந்தப் பெயரில் சந்தையில் எந்தப் பொருளும் இல்லை. இதை அட்டவணையின் ‘மூலம்’ என்ற கடைசிப் பத்தியில் குறித்திருந்தேன். அந்தப் பத்தியை அச்சிட வேண்டாம் என்று நீங்கள் சொல்லியிருக்கிறீர்கள்.

சொல்லியிருந்தான். முதல் மாதம் அறிக்கை எட்டுப் பத்தியாக வந்தபோது, எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கிறது, எழுத்தைப் பெரிதாக்குங்கள் என்று மாமியார் கேட்டார். பெரிதாக்கினால் தாளில் இடம் போதவில்லை. எது எங்கிருந்து வந்தது என்று யார் பார்க்கப் போகிறார்கள் என்று கடைசிப் பத்தியை வெட்டியிருந்தான்.

இப்போது கோப்பைத் திறந்தாக வேண்டும். அவன் விரல் கொஞ்ச நேரம் பொத்தானின் மேல் சும்மா இருந்தது. மாமியார் ஒரு முக்காலியை இழுத்துப்போட்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தார். அவசரப்படுத்தவில்லை. திறந்தான்.

‘நான் கொக்கு கம்பெனியின் முதலாளி. எங்கள் அம்மாவின் சோப்பை ஒழித்துக்கட்டுவதே என் ஒரே லட்சியம்.’

மாமியார் சிரித்துவிட்டார். “திமிர் புடிச்ச கழுத,” என்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் திரும்பப் போட்டுக்கொண்டார். “மேல படிங்க.”

மகள் வேலை செய்கிற விதம் அது. யாரும் எதிரில் இல்லாவிட்டால் தூக்கம் வருகிறது என்பாள். எனவே தனக்கென்று ஒரு எதிரியைத் தானே செய்துகொண்டாள். அதற்கு விலை வைத்து, உறை வரைந்து, அதன் வாயால் தன் சோப்பைத் திட்டி எழுதினாள். எட்டுப் பக்கம். அதில் ஒரு பத்தியை மருமகன் வாய்விட்டு வாசிக்கத் தொடங்கிப் பாதியில் நிறுத்திவிட்டான். மீதியை மாமியாரே எழுத்துக்கூட்டி வாசித்தார்.

‘என் கணவன் ஒரு சட்டைக் காலரைத் துவைத்து முடிப்பதற்குள் சோப்பை மூன்று தடவை கீழே போடுகிறான். நான்கு என்று சொல்வேன், பாவம், மூன்று என்றே இருக்கட்டும். கட்டிக்கு இடுப்பு வேண்டும். அவன் கைக்குப் பொருந்தினால் உலகத்துக்கே பொருந்தும்.’

மாமியார் அவன் கையைப் பார்த்தார்.

“கையுறை வேணுமா?” என்றார்.

பதினான்கு மாதத்தில் அவன் பட்டறைக்குள் சத்தமாகச் சிரித்தது அதுதான் முதல் தடவை. அடுத்த அறையில் உறை போட்டுக்கொண்டிருந்த தங்கை எட்டிப் பார்த்துவிட்டுத் தலையை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமைக்கு இரண்டே நாள். புதுச் சோப்பு காய்ச்சினால் காய நான்கு வாரம். காய்ந்து கிடப்பதைத்தான் ஏதாவது செய்ய முடியும். அச்சுக்காரர் கம்பியை வில்லாக வளைத்து, கட்டியின் இரண்டு பக்கமும் சீவி இடுப்பு எடுத்தார். முதல் ஐந்தும் பூசணிக்காயை எலி கடித்த மாதிரி இருந்தன. ஆறாவது சரியாக வந்தது. மருமகனின் கையை நனைத்து அதில் கொடுத்தார்கள். விழவில்லை. இன்னொரு தடவை கொடுத்தார்கள். விழவில்லை. எல்லோரும் சுற்றி நின்று பார்க்க அவன் தன் சட்டைக் காலரையே துவைத்துக் காட்ட வேண்டியதாயிற்று.

சண்டை வந்தது உறையில். போகாத கறைகளை எழுதுவதற்கு மாமியார் லேசில் ஒப்பவில்லை. மருமகன் ஒற்றனைக் கேட்டான்: மற்ற மூன்று சோப்புகளையும் பற்றிய குறைகளை எடுத்து, எந்தக் கறை என்று பிரித்துக் கொடு. மூலப் பத்தியோடு கொடு. வந்தது. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இரும்புத் துருவும் பழைய பெயின்ட்டும்தான். எந்தச் சோப்பாலும் முடியாத இரண்டு. எல்லா உறையிலும் ‘எந்தக் கறையும்’ என்று போட்டிருந்ததால் வாங்கியவர்கள் அதில் தேய்த்துப் பார்த்துவிட்டுத் திட்டியிருக்கிறார்கள்.

“முடியாதுன்னு நாமளே எழுதி ஒட்டிட்டு விக்கிறதா? கடைக்காரன் சிரிக்க மாட்டானா?” என்றார் மாமியார்.

“துணியில போட்டுப் பாருங்க அத்தை.”

அதற்கு அவரால் மறுக்க முடியாது. ஆணியை ஈரத்துணியில் சுற்றி வைத்துத் துருக்கறை எடுத்து, நான்கு சோப்பிலும் துவைத்தார். வியாழன் மதியம் கொடியில் நான்கு துண்டு. ஒரு முடிச்சு, இரண்டு, மூன்று, நான்கு. நான்கிலும் துரு அப்படியே இருந்தது. கொடியிலிருந்து நான்கையும் கழற்றி எடுத்தார்.

“சரி, எழுதுங்க,” என்றார். “எழுத்த மட்டும் சின்னதா போடுங்க.”

“எறும்பு மாதிரியா?”

மாமியார் முறைத்தார். எழுத்துப் பெரிதாகவே போனது.

வெள்ளிக்கிழமை இருவரும் சேர்ந்து போனார்கள். பெரிய கடையின் கொள்முதல் மேலாளர் நிமிர்ந்து பார்க்க நேரமில்லாத பெண்மணி. மேசையில் தண்ணீர்க் கிண்ணம் ஒன்றை மாமியார் வைத்ததும் நிமிர்ந்தார். கையை நனைத்துக்கொள்ளச் சொல்லி, பழைய கட்டியைக் கொடுத்தார் மாமியார். அது நழுவி மேசைக்கு அடியில் போனது. புதியதைக் கொடுத்தார். நின்றது. பிறகு நான்கு துருத் துண்டுகளையும் வரிசையாக விரித்தார். மருமகன் கணக்கைச் சொன்னான். அவனுக்குப் பேச வராது. எனவே சொல்ல வேண்டியதை மட்டும் சொன்னான்.

மற்ற மூன்று பேரும் எல்லாக் கறையும் போகும் என்று சொல்லிவிட்டுப் போனதாகவும், போகவில்லை என்று திருப்பிக் கொண்டு வருகிறவர்களிடம் திட்டு வாங்குவது தன் ஆட்கள்தான் என்றும் மேலாளர் சொன்னார். உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இந்த யோசனை யாருடையது என்று கேட்டார்.

“எங்களோட போட்டியாளர்,” என்றான் மருமகன்.

“எந்தக் கம்பெனி?”

  மாமியார் துண்டுகளை ஒவ்வொன்றாக மடித்தபடி சொன்னார்.

“கடையில கிடைக்காதுங்க. என் பொண்ணு.”

மேலாளர் இருவர் முகத்தையும் பார்த்தார்.  ஆறு மாதத்துக்குத் தட்டு உங்களுக்கு, ஆனால் கடைசித் தட்டு, குனிந்துதான் எடுக்க வேண்டும் என்றார். குனிந்து எடுக்கிறவர்கள்தான் துணி துவைக்கிறவர்கள் என்றார் மாமியார். மேலாளர் சிரித்தபோது கையெழுத்து கொஞ்சம் கோணலாகிவிட்டது.

அடுத்த திங்கட்கிழமை அறிக்கை எட்டுப் பத்தியோடு வந்தது. அடியில் ஒற்றன் ஒரு கேள்வி வைத்திருந்தது: கொக்கு என்பது உண்மையான பொருள் அல்ல என்று உறுதியாகிவிட்டது, பட்டியலிலிருந்து நீக்கிவிடவா?

மருமகன் அதை மாமியாருக்கு வாசித்துக் காட்டினான்.

“அவன் கிடக்கான்,” என்றார் மாமியார். “இருக்கட்டும்னு சொல்லுங்க.”

சொன்னான். பிறகு அந்தக் கோப்பைத் திறந்தான். இந்த முறை விரல் நிற்கவில்லை. எட்டாம் பக்கத்துக்கும் கீழே போய்த் தட்டச்சு செய்யத் தொடங்கினான். பாத்திரத்தைக் கிளறுகிற சத்தம் கொஞ்ச நேரத்தில் நின்றது.

“என்ன அவ்வளவு நேரமா எழுதறீங்க?”

“திட்டறேன் அத்தை.”

“யார?”

“உங்க சோப்பத்தான்.”

மாமியார் கரண்டியை வைத்துவிட்டு வந்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அவன் தோளுக்கு மேலாக வாசித்தார். ‘கொக்கு கம்பெனிக்கு இனி நான் முதலாளி. போட்டியாளரின் புதுக் கட்டி இடுப்பில் தண்ணீர் தேங்குகிறது. அங்கேதான் முதலில் கரையும். பாதி தேய்வதற்குள் இரண்டாக உடையும்.’

 குழாயடியில் இரண்டு நாளாகப் புழங்கிக்கொண்டிருந்த புதுக் கட்டியை எடுத்து வந்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கட்டைவிரலால் இடுப்பை அழுத்தினார். பிறகு, கம்பியை எடுத்துக்கொண்டு வரும்படி அச்சுக்காரருக்குக் குரல் கொடுத்தார்.